பீதருக்குக் குதிரை கொண்டு வந்தவரின் ஊர்

சென்ற ஆண்டு அலுவலக வேலையாக பீதர் வரை போக நேர்ந்தது. வேலை முற்பகலிலேயே முடிந்துவிட்டது. திரும்பும் ரயிலுக்கு நிறைய நேரம் இருந்ததால், பாமினி சுல்தான்களின் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சுற்றிக் காட்டிய முதியவர் தக்கணி உருதுவும் கன்னடமும் கலந்து பேசினார். மகமூது கவான் கட்டிய மதரஸாவின் அருகே வந்ததும், "வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வருவதற்குச் சுமார் 30 வருஷம் முன்பே ஒரு ரஷ்யாக்காரர் இந்த ஊரில் வந்து குதிரை விற்றிருக்கிறார், தெரியுமா?" என்றார். அவர் த்வேர் என்ற ஊர்க்காரர் என்றும் சொன்னார். அத்துடன் விடவில்லை. "அந்த ஊர் இப்போதும் இருக்கிறதா சார்? நீங்கள் ரயில்வேக்காரர், ஊர்ப்பெயரெல்லாம் தெரிந்திருக்குமே" என்று என்னையே கேட்டுவிட்டார்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் குண்டக்கல்லும் வாடியும்தான். விழித்தேன்.

பெங்களூர் திரும்பியதும் அல்சூரில் உள்ள நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "த்வேரா? என் மகள் டாக்டருக்குப் படிக்கிற ஊரல்லவா அது!" என்று துள்ளினார் அவர். த்வேர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்களாம். பிறகு நூலகத்தில் தேடியும், படித்தவர்களிடம் விசாரித்தும், அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் பேசியும் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரு தலைநகரங்களுக்கு நடுவே

மாஸ்கோவிலிருந்து செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் போகும் ரயில் பாதையில், மாஸ்கோவிலிருந்து 167 கிலோமீட்டரில் இருக்கிறது த்வேர். ஐரோப்பாவின் மிக நீளமான நதியாகிய வோல்கா பிறப்பது இந்த மாகாணத்தில்தான். த்வேர் நகரில் வடக்கிலிருந்து த்வெர்த்சா ஆறும், தெற்கிலிருந்து த்மாக்கா ஆறும் வோல்காவில் சேருகின்றன. ஜனத்தொகை 4 லட்சத்துக்குச் சற்று அதிகம்.

ரஷ்யாவில் சாலைகள் என்று சொல்லும்படி எதுவும் இல்லாத காலத்தில் வியாபாரம் படகில்தான் நடந்தது. வடக்கே நோவ்கொரோதிலிருந்து சரக்கு ஏற்றிய படகுகள் த்வெர்த்சா வழியாக வந்து வோல்காவில் இறங்கும். கூடுமிடத்தில் கோட்டை கட்டிச் சுங்கம் வசூலித்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! 1238ல் மங்கோலியப் படை ஊரைச் சூறையாடிய பிறகும் த்வேர் வெகு சீக்கிரம் எழுந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் தலைமை யாருக்கு என்ற போட்டியில் நின்ற இரண்டு ஊர்கள் மாஸ்கோவும் த்வேரும்தான். அன்று கேட்டிருந்தால் பலர் த்வேர் பக்கமே பந்தயம் கட்டியிருப்பார்கள்.

அந்தத் தலைமைப் பட்டத்தைக் கொடுக்கும் அதிகாரம் ரஷ்யர்களிடம் இல்லை. வோல்காவின் கீழ்ப்பகுதியில் கொலுவிருந்த தாத்தாரியக் கானிடம் இருந்தது. த்வேர் அரசர் மிகயீல் பட்டம் பெற்றார். மாஸ்கோவின் யூரி என்ன செய்தார்? கான் உஸ்பெக்கின் சகோதரியை மணந்துகொண்டு படையோடு வந்தார். 1317ல் நடந்த சண்டையில் மிகயீல் ஜெயித்துவிட்டார். ஆனால் கைதியாகப் பிடிபட்ட கானின் சகோதரி த்வேரில் இருக்கும்போதே இறந்துபோனாள். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. கான் ஆள் அனுப்பினார். தாம் போகாவிட்டால் ஊர் அழியும் என்று மிகயீல் தாமே போனார். 1318ல் அங்கே கொல்லப்பட்டார். இன்று அவரை ரஷ்யத் திருச்சபை புனிதராக வணங்குகிறது.

ஒரு பெட்டைக் குதிரையால் வந்த சண்டை

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரமானது. 1327ல் கானின் உறவினன் ஒருவன் பரிவாரத்துடன் த்வேருக்கு வந்து, அரசரை அரண்மனையிலிருந்து வெளியேற்றிவிட்டுத் தான் குடியேறிக்கொண்டான். ஊர் பொறுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டு 15ந் தேதி காலை, தூத்கோ என்ற கோயில் உதவிக்குரு தன் கொழுத்த இளம் பெட்டைக் குதிரையைத் தண்ணீர் காட்ட வோல்காவுக்கு ஓட்டிப் போனார். தாத்தாரியர்கள் அதைப் பிடுங்கினார்கள். அவர் போட்ட கூக்குரலில் ஊரே திரண்டுவிட்டது. மணி அடித்தது. மாலைக்குள் வந்தவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். கானின் உறவினன் அரண்மனையோடு எரிந்தான்.

இதில் மாஸ்கோவுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். மாஸ்கோவின் இவான் கலித்தா உடனே கானிடம் ஓடினார். தாத்தாரியப் படையை அழைத்து வந்து த்வேரை அடியோடு நாசம் செய்தார். கலித்தா என்றால் பணப்பை என்று அர்த்தம். பெயருக்கேற்ற ஆள்தான். சில ஆண்டுகளில் தலைமைப் பட்டமும் வரி வசூலிக்கும் உரிமையும் அவரிடம் வந்து சேர்ந்தன. 1339ல் த்வேரின் அடுத்த அரசரும் அவர் மகனும் கானின் ஊரில் கொல்லப்பட்ட பிறகு, த்வேரின் பெரிய கோயிலிலிருந்த மணியைக் கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டு போனார். அந்தக் காலத்து ரஷ்யாவில் ஓர் ஊரின் மணியைக் கழற்றுவது அதன் நாக்கை அறுப்பதற்குச் சமம்.

அதற்குப் பிறகும் த்வேர் சுமார் 150 ஆண்டுகள் தனி அரசாக இருந்தது. 1485ல் மூன்றாம் இவான் படையோடு வந்தார். கடைசி அரசர் லித்துவேனியாவுக்கு ஓடிப்போனார். த்வேர் மாஸ்கோவின் ஒரு மாகாணமாயிற்று.

கடனாளியின் பயணம்

நம் குதிரை வியாபாரி அஃபனாசி நிகிதின் புறப்பட்டது இந்த முடிவுக்கு முன்னே, 1468ல். 1466 என்போரும் உண்டு. இந்தியாவுக்கு வருவது அவர் உத்தேசமே அல்ல. காஸ்பியன் கடலின் கரை வரை போய்ச் சரக்கு விற்றுத் திரும்புவதுதான் திட்டம். அஸ்த்ரகான் அருகே கொள்ளைக்காரர்கள் சரக்கையும் அவருடைய புத்தகங்களையும் பறித்துக்கொண்டார்கள். சரக்கு கடனுக்கு வாங்கியது. ஊரில் ஏதாவது வைத்திருந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கடன்பட்டவர்கள் கண் போன திசையில் போனார்கள். நிகிதின் இரண்டாவது வகை. வெளிநாடு போய்ச் சம்பாதித்து வட்டியை அடைக்கலாம் என்று கிளம்புகிறவர்களை இன்றும் நாம் பார்க்கிறோமே!

பாரசீகத்தைக் கடந்து ஓர்முஸ் துறைமுகம் வந்தார். இந்தியாவில் குதிரைக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு, ஒரே ஓர் ஆண் குதிரையை வாங்கிக் கப்பலேறினார். பம்பாய்க்குத் தெற்கே சௌல் துறைமுகத்தில் இறங்கி, ஜுன்னார் போய்ச் சேர்ந்தபோது மழைக்காலம். அங்கிருந்த கான் குதிரையைப் பறித்துக்கொண்டார். மதம் மாறினால் குதிரையோடு ஆயிரம் பொற்காசும் தருவதாகவும், மறுத்தால் குதிரையும் போய் ஆயிரம் காசு தண்டமும் கட்டவேண்டும் என்றும் சொல்லி நான்கு நாள் தவணை கொடுத்தார். கொராசான் நாட்டு முஸ்லிம் ஒருவர் பரிந்து பேசி, மதமும் மாறாமல் குதிரையும் திரும்பக் கிடைக்கச் செய்தார். மதத்தின் பெயரால் வந்த துன்பத்தை அதே மதத்தைச் சேர்ந்த இன்னொருவர் தீர்த்து வைத்ததை நிகிதின் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

குதிரைக்கு இந்தியாவில் பட்டாணியும் கிச்சடியும் கொடுப்பதை வியப்போடு குறித்துக்கொண்டார். விலை படியாமல் மாதக்கணக்கில் தீனி போட்டு, கடைசியில் பீதரில் விற்றார். எதிர்பார்த்த லாபம் இல்லை. மிளகும் சாயமும் மலிவு, ஆனால் தம் ஊருக்கு ஏற்ற சரக்கு இங்கே இல்லை, சுங்கமோ கொள்ளை என்று அலுத்துக்கொண்டார். சாதாரண ஜனங்கள் வறுமையில் வாடுவதும் பிரபுக்கள் ஆடம்பரத்தில் திளைப்பதும் அவர் கண்ணில் பட்டன. எங்கே போனாலும் கூட்டம் பின்னால் வந்து இந்த வெள்ளை மனிதரை வேடிக்கை பார்த்ததாம்.

என் மனத்தில் நின்ற ஒரு குறிப்பு உண்டு. பீதர் சுல்தானின் அரண்மனைக்கு ஏழு வாசல்கள். வாசலில் நூறு காவலர்களும் நூறு இந்து எழுத்தர்களும் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போகிறவர் பெயரைச் சிலர் எழுதுவார்கள், வெளியே வருகிறவர் பெயரைச் சிலர் எழுதுவார்கள். அன்னியர்களை விடுவதில்லை. 550 ஆண்டுகளுக்கு முன்னால் ரிஜிஸ்தரும் கையுமாக உட்கார்ந்திருந்த நம் இனத்தாரைப் படித்ததும், நான் பார்த்த கோட்டை வாசல் வேறு மாதிரி தெரிந்தது.

இந்துக்களோடு பழகி நம்பிக்கை பெற்ற பின், தாம் கிறிஸ்தவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அவர்களும் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. சிவராத்திரிக்கு அவரைப் பர்வதத்துக்கு, அதாவது ஆந்திராவின் ஸ்ரீசைலத்துக்கு, அழைத்துப் போனார்கள். கருங்கல் நந்தியையும் லட்சோப லட்சம் ஜனங்களையும் பார்த்துவிட்டு, ஜெருசலேம், மெக்காவைப் போல இது இவர்களுக்கு என்று எழுதினார். புத்தகங்களைப் பறிகொடுத்ததால் தம் சொந்தப் பண்டிகை நாட்களின் கணக்கே அவருக்குத் தவறிப்போயிற்று. ஈஸ்டர் என்றைக்கு என்று தெரியாமல் தவித்தார்.

ரஷ்யாவைப் போல ஒரு நாடு உலகில் இல்லை, ஆனால் அங்கே பிரபுக்களிடம் நியாயம் இல்லை என்ற கருத்தை மட்டும் அவர் ரஷ்ய மொழியில் எழுதவில்லை. துருக்கிய மொழியில் எழுதி வைத்தார். ஊருக்குத் திரும்ப நினைப்பவனின் ஜாக்கிரதை!

ஆனால் திரும்பவில்லை. கருங்கடல் வழியாக வந்து, ஸ்மோலென்ஸ்க் நகரை அடையுமுன் வழியிலேயே இறந்துபோனார். ஏட்டை வியாபாரிகள் கொண்டு வந்து சேர்த்த இடம் த்வேர் அல்ல, மாஸ்கோ. 1475ல் மாஸ்கோ அரசரின் எழுத்தர் ஒருவர் கையில் அது போய்ச் சேர்ந்தது. மணி போன வழியில் ஏடும் போயிற்று.

இந்தக் கதைதான் 1957ல் 'பர்தேசி' என்ற இந்திய-சோவியத் கூட்டுப் படமாக வந்தது. நர்கீசோடு நம் பத்மினியும் நடித்திருந்தார். த்வேரில் வோல்கா கரையில் நிகிதினுக்குச் சிலை இருக்கிறது. அவர் நிற்கும் படகின் முகப்பு குதிரைத் தலை. நேரு மாஸ்கோவில் குருஷேவிடம் "நிகிதினுக்குச் சிலை உண்டா?" என்று கேட்க, இல்லாத சிலையை "உண்டு" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. சிலை திறந்தது 1955 மே மாதம். நேரு போனது ஜூனில். கணக்கு இடிக்கிறது.

தீயும் ரயிலும்

1763ல் பெருந்தீயில் ஊர் சாம்பலாயிற்று. இரண்டாம் கேத்தரின் மகாராணி பணம் கொடுத்துப் புதிதாகக் கட்டச் சொன்னார். மரவீடுகளின் இடத்தில் கல்வீடுகள் வந்தன. ஒரு சதுக்கத்திலிருந்து மூன்று தெருக்கள் விசிறி போலப் பிரியும் இன்றைய அமைப்பு அப்போது வந்ததுதான். மகாராணி இரு தலைநகரங்களுக்கும் இடையே பயணம் செய்யும்போது தங்க ஓர் அரண்மனையும் எழுந்தது. வழிப்போக்கரின் சத்திரம்தான், வழிப்போக்கர் சக்கரவர்த்தினி என்பதால் அரண்மனை! த்வேரின் பிற்காலக் குணம் இதில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லோரும் அதன் வழியாகப் போவார்கள். தங்குகிறவர்கள் வேறு வழி இல்லாமல் தங்குவார்கள்.

தாஸ்தாயெவ்ஸ்கி அப்படித் தங்கியவர். சைபீரியாவில் தண்டனை முடிந்து 1859ல் திரும்பியபோது, இரு தலைநகரங்களிலும் வசிக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை த்வேரில் காத்திருந்தார். ஊர் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பின்னாளில் ஒரு நாவலில் வம்பும் சதியும் நிறைந்த ஒரு மாகாணத் தலைநகரைப் படைத்தபோது, த்வேரைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று சொல்வோர் உண்டு. அவர் போன மறு ஆண்டே அங்கே துணை ஆளுநராக வந்தவர், மாகாண அதிகாரிகளைக் கிண்டல் செய்வதில் மன்னரான சால்திகோவ்-ஷெத்ரின். அதற்கும் முன்னே, நீதிக்கதைகளால் புகழ்பெற்ற கிரிலோவ் இங்கே வளர்ந்தார். 1778ல் தந்தை இறந்ததும், சிறுவனாகவே அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அவர்.

1851ல் மாஸ்கோ-பீட்டர்ஸ்பர்க் ரயில் பாதை திறந்தது. 5 அடி அகலப் பாதை, நம் அகலப் பாதையைவிட 6 அங்குலம் குறைவு. நதிக்கரை ஊருக்கு ரயில் வந்ததும் நதியின் மவுசு குறைந்தது. ஆனால் 1898ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ரஷ்யாவின் நெடுந்தூர ரயில்களில் ஓடும் பெட்டிகளில் பெரும்பங்கு இந்த ஊரில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை இன்று டிரான்ஸ்மாஷ் ஹோல்டிங் என்ற குழுமத்தைச் சேர்ந்தது. வாசகர்கள் இந்தப் பெயரைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கக்கூடும். நம் ரயில் விகாஸ் நிகாமும் இந்தக் குழுமமும் சேர்ந்த கூட்டு நிறுவனம்தான் 120 வந்தே பாரத் ஸ்லீப்பர் ரயில்களைச் செய்ய 2023ல் ஒப்பந்தம் செய்தது. இடம் மகாராஷ்டிராவின் லாத்தூர். பீதர் ஜில்லாவை ஒட்டிய அடுத்த ஜில்லா! ஒற்றைக் குதிரையோடு வந்தவரின் ஊர்ப் பக்கத்துக் கம்பெனி மறுபடியும் அதே திசைக்கு வருகிறது. சுங்கத்தைப் பற்றி இவர்கள் என்ன எழுதுவார்களோ.

பெயர் போன காலம்

1931ல் ஊருக்குக் கலீனின் என்று பெயர் வைத்தார்கள். சோவியத் நாட்டின் பெயரளவுத் தலைவராக இருந்த மிகயீல் கலீனின் இந்த மாகாணத்துக்காரர். ஆற்றங்கரையிலிருந்த பழைய பெருங்கோயிலை 1935ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மாஸ்கோ மணியை மட்டும் எடுத்துப் போயிருந்தது. இப்போது கோயிலே போயிற்று. 1941 அக்டோபர் 14 முதல் டிசம்பர் 16 வரை இரண்டு மாதம் ஜெர்மானியர் கையில் ஊர் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. 1940ல் போலந்து நாட்டுக் கைதிகள், பெரும்பாலும் போலீஸ்காரர்களும் எல்லைக் காவலர்களும், அஸ்தாஷ்கோவ் முகாமிலிருந்து இந்நகருக்குக் கொண்டு வரப்பட்டார்கள். ரகசியப் போலீஸ் அலுவலகத்தில் ஒவ்வோர் இரவும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயரையும் பிறந்த ஆண்டையும் பட்டியலோடு சரிபார்த்து, அடுத்த அறையில் சுட்டார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதங்களில் சுமார் 6,300 பேர். விடிவதற்குள் லாரிகளில் ஏற்றி, ஊருக்கு வெளியே மெத்னோயே என்ற இடத்தில் புதைத்தார்கள். ரிஜிஸ்தர் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பட்டியலை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஐம்பது ஆண்டுகள் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1990ல் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில்தான் ஊருக்கு த்வேர் என்ற பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் சுவரில், இங்கே கொல்லப்பட்டவர்களின் நினைவாகப் பலகைகள் வைத்தார்கள். 2000ல் மெத்னோயேயில் நினைவிடம் திறந்தார்கள். 2020 மே மாதத்தில் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்னது. இதற்கிடையே வெடிவைத்துத் தகர்த்த பழைய கோயிலை அதே இடத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1901ல் ஓடத் தொடங்கிய டிராம் 2018ல் நின்றுவிட்டது. ஓர் ஊர் எதைத் திரும்பக் கட்டுகிறது, எதைக் கழற்றுகிறது என்பதை ஊர்க்காரர்களைக் கேட்டுச் செய்வதாகத் தெரியவில்லை.

அந்தக் கட்டடம் இன்று எது என்று படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவப் பல்கலைக்கழகம்.

நண்பரின் மகளிடம் மறுபடி பேசினேன். பனி, உருளைக்கிழங்கு, விடுதியில் ரசப்பொடி தீர்ந்துபோனது என்று சொல்லிக்கொண்டே போனாள். வோல்கா உறைந்தால் மேலே நடந்து போகலாமாம். நிகிதின் சிலையருகே நின்று பெங்களூர்ப் பிள்ளைகள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்களாம். குதிரைத் தலையைத் தொட்டுப் பார்த்தாயா என்றேன். உயரம் எட்டவில்லை என்று சிரித்தாள். பிறகு, பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவரில் முன்பு இருந்த பலகைகளைப் பற்றி யாராவது சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் 2021ல் சேர்ந்தவள்.

"எந்தச் சுவர் மாமா?" என்றாள்.